டீசல் கசிந்த மண்ணை நுண்ணுயிரிகளைக் கொண்டு தூய்மைப்படுத்துதல்: படிப்படியான முழு வழிகாட்டி

டீசல் தொட்டி கசிந்த பணிமனை, ஜெனரேட்டர் கொட்டகை, பேருந்துப் பணிமனை, எரிபொருள் கிடங்கு ஆகிய இடங்களில் சில கன மீட்டர் முதல் சில நூறு கன மீட்டர் வரையிலான மண்ணைச் சுத்தப்படுத்த வேண்டிய பொறுப்பில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. மண்ணைப் பாத்தியாகப் பரப்பி, நீரும் உரமும் இட்டு, அவ்வப்போது புரட்டிவிடும் முறையே இங்கே விளக்கப்படுகிறது.

புதிதாக இறங்குபவர்களில் பலர் முதல் நாளே நுண்ணுயிரிப் பொடி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். அது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. டீசலைச் சிதைக்கும் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலான மண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன. எண்ணெய் பட்டுச் சில வாரங்கள் கடந்த மண்ணில் அவற்றின் எண்ணிக்கை தானாகவே உயர்ந்திருக்கும். அவற்றுக்குக் கிடைக்காமல் இருப்பவை காற்றும், ஈரமும், தழைச்சத்தும் (நைட்ரஜன்), மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தான். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த நான்கையும் சரியான வரிசையில், சரியான அளவில் கொடுப்பதைப் பற்றியவையே.

1. இந்த முறை உங்கள் மண்ணுக்குப் பொருந்துமா என்று பார்த்தல்

முதலில் கசிந்தது எது என்பதை உறுதி செய்ய வேண்டும். டீசல், மண்ணெண்ணெய், இலகுவான கச்சா எண்ணெய் ஆகியவற்றுக்கு இம்முறை நன்றாகப் பொருந்தும். கப்பல்களில் எரிக்கப்படும் கனமான எண்ணெயும் தாரும் மிக மெதுவாகவே சிதையும். அவற்றில் உள்ள அஸ்ஃபால்டீன், பிசின் பகுதிகள் கிட்டத்தட்ட அப்படியே தங்கிவிடும்.

பெட்ரோல் கலந்த மண்ணைத் திறந்த பாத்தியில் பரப்பவே கூடாது. அதிலுள்ள பென்சீன் ஆவியாகிச் சுற்றியிருப்பவர்களின் மூச்சில் போகும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலில் துத்தநாகம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும், அவற்றை எந்த நுண்ணுயிரியும் சிதைக்காது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் என்றால் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்ற நச்சு வேதிப்பொருள் இல்லை என்பது ஆய்வகத்தில் உறுதியாகும் வரை மண்ணைத் தொடாமல் விட வேண்டும்.

அடுத்தது அளவு. ஒரு கிலோ மண்ணில் எண்ணெய் 50,000 மில்லிகிராமுக்கு மேல், அதாவது எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது நுண்ணுயிரிகளுக்கே பாதகமாகும். அத்தகைய மண்ணில் முதலில் எண்ணெயின் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது அலையாத்திச் சேற்றில் படிந்ததைப் போன்ற மாசுக்கு இந்தப் பாத்தி முறை உதவாது. எப்போதும் நீரில் ஊறிக் கிடக்கும் சேற்றில் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் போவதில்லை. அதைத் தோண்டிப் புரட்டினால் வேர்கள்தான் அழியும். தோண்டி எடுத்துத் தனியே பரப்பக்கூடிய நிலத்து மண்ணுக்கே இங்கே சொல்லப்படுபவை பொருந்தும்.

2. அனுமதியும் இலக்கும்

இந்தியாவில் எண்ணெய் கலந்த கழிவுகள் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன; மாசடைந்த தளங்களுக்கென 2025-இல் தனி விதிகளும் அறிவிக்கப்பட்டுள்ளன. எனவே வேலையைத் தொடங்கும் முன்பே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத வேண்டும். அனுமதியின்றி அந்த மண்ணை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பக் கூடாது.

அனுமதியோடு சேர்த்து, எந்த அளவுக்கு இறங்கினால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்ற எண்ணையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இலக்கு தெரியாமல் தொடங்கிய வேலைகளில், மண் நன்றாகத் தேறிய பின்பும் முடிக்க முடியாத இழுபறி நேர்வதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

3. கசிவை நிறுத்துதல், திரவத்தை எடுத்தல், மண்ணைத் தோண்டுதல்

கசிவு முற்றிலும் நின்றிருக்க வேண்டும். குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தால்கூடப் பின்னால் செய்யும் அத்தனையும் வீண். தேங்கி நிற்கும் டீசலைப் பம்பு வைத்தோ, மரத்தூள், தென்னை நார்க்கழிவு போன்றவற்றில் ஊறவைத்தோ எடுத்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவுவது பரவலான வழக்கம். அது எண்ணெயை நீரோடு கரைத்துக் கீழே இறக்கி, கிணற்றை நோக்கி அனுப்பிவிடும்.

தோண்டும்போது கறுத்து நாறும் மண்ணையும் பக்கத்து நல்ல மண்ணையும் கலந்துவிடாதீர்கள். நல்ல மண்ணைக் கலந்தால் அளவு குறைந்ததாகத் தோன்றும், ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெயின் கிலோ கணக்கு மாறாது. சுத்தம் செய்ய வேண்டிய மண்தான் பெருகும். குழியின் அடியிலும் நான்கு சுவர்களிலும் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே தோண்டுவதை நிறுத்த வேண்டும்.

தோண்டும் இடத்தில் தீக்குச்சி, பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. கையுறை, மூடிய காலணி, கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி ஆகியவை வேலையாட்கள் அனைவருக்கும் வேண்டும். சாதாரணத் துணி முகமூடி டீசல் ஆவியைத் தடுக்காது.

4. மாதிரி எடுத்தலும் முதல் சோதனைகளும்

மேல் மண்ணை மட்டும் சுரண்டி எடுப்பது இங்கே அடிக்கடி நிகழும் தவறு. மேற்பரப்பில் இருக்கும் டீசலில் ஒரு பங்கு வெயிலில் ஆவியாகிவிடுவதால் உண்மை அளவைவிடக் குறைவாகவே தெரியும். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து இடங்களில், மேலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எடுத்து, கலந்து ஒரு மாதிரியாக்குங்கள்.

மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில், டெஃப்லான் உட்பூச்சு உள்ள மூடியோடு, விளிம்புவரை நிரப்பிப் பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பை ஹைட்ரோகார்பன்களை உறிஞ்சுவதோடு தன் பொருள்களையும் மாதிரியில் சேர்க்கும். வெயிலில் வண்டிக்குள் கிடந்த மாதிரியில் நுண்ணுயிரிகள் தங்கள் வேலையைத் தொடங்கியிருக்கும். அதன் முடிவை நம்ப இயலாது.

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவு (வாயு வண்ணப்படிவு முறையில், டீசல் பகுதியும் கனமான பகுதியும் தனித்தனியே), கார அமில நிலை (pH), ஈரம், தழைச்சத்து, மணிச்சத்து, கன உலோகங்கள், மண்ணின் களி விகிதம், எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை. முடிவுகளை உலர் எடைக் கணக்கில் தரும்படி எழுதிக் கேளுங்கள். ஈர எடையில் கணக்கிட்டால் மண்ணுக்கு நீர் ஊற்றிய உடனேயே எண்ணெய் குறைந்துவிட்டதாகத் தாளில் தெரியும்.

கார அமில நிலை 6 முதல் 8 வரை இருக்க வேண்டும். குறைந்தால் சுண்ணாம்பு. மொத்தக் கன உலோகங்கள் கிலோவுக்கு 2,500 மில்லிகிராமைத் தாண்டினால் பாக்டீரியாக்களின் வளர்ச்சி தடைப்படும். கிராமுக்கு ஆயிரம் பாக்டீரியாக்களாவது இருந்தால் தொடங்கலாம். அதற்கும் கீழே என்றால் மண்ணில் நச்சு ஏதோ இருக்கக்கூடும், அதைக் கண்டறியாமல் மேலே போகக் கூடாது.

5. வாளிச் சோதனை: பணம் செலவாகும் முன்பு

நான்கு வாளிகளில் ஒரே மண்ணைப் பத்துப் பத்துக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாளியை ஒன்றும் செய்யாமல் வைக்க வேண்டும். இரண்டாவதற்கு நீர் மட்டும், வாரம் ஒருமுறை புரட்டல். மூன்றாவதற்கு நீர், புரட்டல், உரம். நான்காவதற்கு இவற்றோடு நீங்கள் வாங்க நினைக்கும் நுண்ணுயிரிப் பொடி. நான்கையும் நிழலில் வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதியுங்கள்.

மூன்றாவது, நான்காவது வாளிகளுக்கு இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லையென்றால் பொடி தேவையில்லை. டீசல் மண்ணில் பெரும்பாலும் இதுவே நடக்கும், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் பாக்டீரியா அந்த மண்ணின் வெப்பத்துக்கும் உப்புக்கும் பழகிய உள்ளூர்ப் பாக்டீரியாவோடு போட்டியிட்டுப் பிழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உங்கள் மண்ணின் உரப் பசியைக் காட்டும்.

பொடிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்க் கசடுபோல உள்ளூர் நுண்ணுயிரிகள் குறைந்த, கனமான கலவைகளுக்கு டெரி என்ற ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஸாப்பர் போன்ற நுண்ணுயிரிக் கூட்டுக் கலவைகள் இந்தியாவில் பயன்பட்டு வருகின்றன. உங்கள் மண்ணுக்கு அது வேண்டுமா என்பதை விற்பவரின் விளக்கத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் வாளியைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

6. காலமும் பாத்தித் தளமும்

தமிழகத்தின் கிழக்குப் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரியில் தொடங்குவது நல்லது. அடுத்த அக்டோபருக்குள் ஒன்பது மாதம் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி நுண்ணுயிரிகளுக்கு ஏற்ற வெப்பம். 10 டிகிரி முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை அவை வேலை செய்யும், வெப்பம் உயர உயர வேகமும் கூடும். 45-ஐத் தாண்டினால் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் திறந்த மண்ணின் மேற்பரப்பு அந்த அளவை எளிதில் தாண்டிவிடும் என்பதால் நிழல்வலை தேவை.

கிணறு, ஓடை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து தள்ளி, மேடான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தரையைச் சமன்செய்து, ஒரு பக்கம் இலேசாகச் சரியும்படி அமைத்து, கனமான எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு சாண் மணல் போட வேண்டும். மணல் இல்லாவிட்டால் முதல் புரட்டலிலேயே மண்வெட்டி விரிப்பைக் கிழித்துவிடும். நான்கு பக்கமும் வரப்பு, சரிவின் முனையில் வடிநீர்க் குழி.

இனி வரும் கணக்குகள் எல்லாம் ஓர் எடுத்துக்காட்டுக்கு உரியவை: குழியில் இருந்த அளவுப்படி 10 கன மீட்டர் செம்மண், எடை சுமார் 16 டன், கிலோவுக்கு 10,000 மில்லிகிராம் டீசல். தோண்டிய மண் உப்பிப் பன்னிரண்டு கன மீட்டருக்கு மேல் ஆகும். மண்ணைத் தளர்த்தக் கலக்கும் நெல் உமியும் சேர்ந்தால் ஏறக்குறைய 14. பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலமுள்ள பாத்தியில் இது 23 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும்.

இந்த உயரத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இடம் மிச்சம் பிடிக்க அரை மீட்டர் உயரத்துக்குக் குவித்துவிட்டு, பதினைந்து இருபது சென்டிமீட்டர் மட்டுமே இறங்கும் பவர் டில்லரால் உழுகிறார்கள். மேல்பாதி தேறி, கீழ்ப்பாதி கறுத்து அழுகிய முட்டை நாற்றத்தோடு அப்படியே கிடக்கும். உங்கள் கருவி எட்டும் ஆழமே உங்கள் பாத்தியின் உயரம்.

மழைக்கு மூடத் தார்ப்பாயைத் தயாராக வைத்திருங்கள். 60 சதுர மீட்டர் பாத்தியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர் நீர் சேரும். வடிநீர்க் குழி அதைத் தாங்காது.

7. மண்ணைத் தளர்த்துதல்

எடுத்துக்காட்டு மண்ணில் இருப்பது 160 கிலோ டீசல். ஒரு கிலோ டீசல் முழுமையாகச் சிதைய ஏறத்தாழ 3.4 கிலோ ஆக்சிஜன் தேவை. ஆக, மொத்தம் 540 கிலோவுக்கு மேல். காற்றாகக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 2,000 கன மீட்டர். ஆனால் அந்தப் பாத்தியின் துளைகளில் ஒரு நேரத்தில் அடங்கும் காற்றோ மூன்று, நான்கு கன மீட்டர்தான்.

ஆகவே ஒவ்வொரு புரட்டலிலும் உள்ளே போகும் காற்று தேவையில் மிகச் சிறிய பங்கு. மீதி முழுவதும் இடைப்பட்ட நாள்களில் மேலிருந்து தானாகவே உள்ளே பரவ வேண்டும். அதற்குத் துளைகள் திறந்திருக்க வேண்டும் என்பதே புரட்டலின் உண்மையான பயன். களிமண்ணாக இருந்தால் துளைகள் இரண்டு மூன்று நாளில் மூடிக்கொள்ளும்.

துளைகளைத் திறந்து வைக்க நெல் உமி சிறந்தது. மண்ணின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை, களி கூடக் கூட அதிகமாகக் கலக்கலாம். உமி எளிதில் மக்காது, ஆகவே மாதக்கணக்கில் நிற்கும். கரும்புச் சக்கையும் மரத்தூளும் மக்கும்போது உங்கள் தழைச்சத்தைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். அவற்றைப் போட்டால் உரம் கூடுதலாக இட வேண்டிவரும்.

கட்டிகளை முதலில் உடைத்துவிடுங்கள். முஷ்டியளவு களிக்கட்டியின் நடுவே இருக்கும் எண்ணெயை எந்தப் பாக்டீரியாவும் எட்டுவதில்லை.

கலந்து முடித்த பிறகு மீண்டும் ஒருமுறை மாதிரி எடுத்து அனுப்புங்கள். இதுவே உங்கள் தொடக்க அளவு, குழியில் எடுத்தது அல்ல. மண்ணின் எடையில் பத்தில் ஒரு பங்கு தொழுஉரம் சேர்த்தாலே அளவு ஒன்பது விழுக்காடு இறங்கிவிடும். அதை நுண்ணுயிரிகளின் கணக்கில் எழுதக் கூடாது. தொழுஉரத்தின் இயற்கைக் கொழுப்புகளும் ஆய்வகத்தில் எண்ணெயாகக் கணக்காகக்கூடும் என்பதால், சிலிக்கா ஜெல்லில் தூய்மைப்படுத்தி அளக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ஈரம்: உரத்துக்கு முன்பு

உரத்தை உலர்ந்த மண்ணில் தூவுவது பயனற்றது, எனவே ஈரம் முதலில் வருகிறது. மண் பிடித்துவைக்கக்கூடிய நீரில் பாதிக்குக் குறையாமலும், எண்பது விழுக்காட்டுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் பாக்டீரியா உறங்கும்; கூடினால் துளைகள் நீரால் அடைபட்டுக் காற்று நின்றுவிடும்.

எடுத்துக்காட்டுச் செம்மண்ணுக்கு உலர் எடையில் 15 விழுக்காடு ஈரம் போதும். தொடக்கத்தில் 5 விழுக்காடு இருந்தால் 1,600 லிட்டர் நீர் தேவை. இதை ஒரே நாளில் குழாய் வைத்து அடிக்காதீர்கள். உலர்ந்த டீசல் மண் நீரை ஏற்காது. மேலே ஊற்றினால் நீர் பளபளவென்று உருண்டை உருண்டையாக நின்று, தூசைப் போர்த்திக்கொண்டு சரிவை நோக்கி ஓடும், விரலால் கிளறினால் அரை அங்குலத்துக்குக் கீழே மண் பொடியாகவே இருக்கும். பூவாளியால் நாலைந்து மாலைகளில் பிரித்துத் தெளித்து, ஒவ்வொரு முறையும் கிளறிவிட்டால் மண் மெல்ல ஏற்கத் தொடங்கும்.

கைச் சோதனை எளிது. ஒரு பிடி மண்ணை நடுப்பகுதியிலிருந்து எடுத்துக் கையுறையோடு அழுத்துங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது, பெருவிரலால் தட்டினால் உடைய வேண்டும். அடுப்பில் உலர்த்தி எடை பார்க்க வேண்டாம்: டீசலும் சேர்ந்து ஆவியாவதால் கணக்கு தவறும், தீப்பிடிக்கவும் கூடும்.

9. உரம்: கணக்கிட்டுப் பிரித்து இடுதல்

வழக்கமாகக் கொள்ளப்படும் விகிதம் கார்பன் 100, தழைச்சத்து 10, மணிச்சத்து 1. டீசலின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு கார்பன் என்பதால் 160 கிலோ டீசலில் 136 கிலோ கார்பன் இருக்கிறது. ஆகவே 13.6 கிலோ தழைச்சத்து, 1.36 கிலோ மணிச்சத்து வேண்டும்.

டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் மணிச்சத்து, பாஸ்பரஸ் தனிமமாகக் கணக்கிட்டால் 20 விழுக்காடு இருக்கிறது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் 46 என்பது ஆக்சைடு வடிவக் கணக்கு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் பாதிக்கும் குறைவாகவே இடுகிறார்கள். 1.36 கிலோவுக்கு 6.8 கிலோ டிஏபி தேவை, அதிலேயே 1.2 கிலோ தழைச்சத்தும் வந்துவிடும். மீதி 12.4 கிலோவுக்கு 46 விழுக்காட்டு யூரியா 27 கிலோ. கடைகளில் கிடைக்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவையே பயன்படுத்தலாம்.

இந்த உரங்கள் அனைத்தையும் ஒரே நாளில் கொட்டுவதுதான் நான் பார்ப்பவற்றில் மிகவும் சேதம் விளைவிக்கும் தவறு. 16 டன் மண்ணில் 15 விழுக்காடு ஈரம் என்றால் 2,400 லிட்டர் நீர்தான் இருக்கிறது. 13.6 கிலோ தழைச்சத்தும் அதில் கரைந்தால் லிட்டருக்கு 5,600 மில்லிகிராமுக்கு மேல் ஆகும். இந்த அளவு லிட்டருக்கு 2,000-ஐத் தாண்டும்போதே உப்பின் அழுத்தத்தால் பாக்டீரியாக்களின் வேகம் விழத் தொடங்கும். உரம் போட்ட பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்பவர்களின் மண்ணில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அவர்கள் இன்னும் உரம் போடுவார்கள்.

யூரியாவை நான்கு தவணையாகப் பிரியுங்கள்: தவணைக்கு 6.75 கிலோ. டிஏபியை முதல் இரண்டு தவணைகளில் பாதிப் பாதியாகச் சேருங்கள். அப்போது முதல் தவணையில்கூட லிட்டருக்கு ஏறத்தாழ 1,550 மில்லிகிராம்தான் வரும். ஒவ்வொரு தவணைக்கும் இடையே மூன்று, நான்கு வாரம் விட்டு, மண்ணில் மீந்திருக்கும் தழைச்சத்தைச் சோதித்துப் பார்த்து, இன்னும் நிறைய இருந்தால் அடுத்த தவணையைத் தள்ளிப்போடுங்கள்.

நீரில் கரைத்துப் பூவாளியால் மாலையில் தெளித்து உடனே புரட்டிவிட வேண்டும். மேலே தூவி வெயிலில் விட்டால் யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை வந்தால் அளவு கூடியிருக்கிறது அல்லது மண் காரமாகியிருக்கிறது; நீர் தெளித்துப் புரட்டி, கார நிலையை அளந்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

10. புரட்டல்

முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையும், அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் போதும். சொதசொதவென்று இருக்கும் நாளில் புரட்டக் கூடாது. ஈரக்களி பிசைந்து இன்னும் இறுகிவிடும். தினமும் புரட்டினால் வேகமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் டீசலின் இலேசான பகுதி காற்றில் போகும், மண் உலரும். மாசு மண்ணிலிருந்து மூச்சுக்கு இடம் மாறியிருக்கும். வாடை கடுமையாக இருக்கும் முதல் வாரங்களில் அதிகாலையில் புரட்டி உடனே மூடிவிடுவது நல்லது.

மண்வெட்டியால் புரட்டும்போது அடிமண் மேலே வருகிறதா என்று பாருங்கள். மேல்மண்ணையே முன்னும் பின்னும் தள்ளுவது புரட்டல் ஆகாது.

11. கண்காணிப்பு: அளவு ஏன் குறைந்தது

வாரம் ஒருமுறை ஈரம், வெப்பம், வாடை; மாதம் ஒருமுறை கார அமில நிலை, தழைச்சத்து; நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் அளவு. பாத்தியைக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே கட்டங்களிலிருந்து, அதே ஆழத்தில், அதே ஆய்வகத்துக்கு. ஆய்வகத்தை இடையில் மாற்றினால் முறை வேறுபாட்டால் வரும் வித்தியாசத்தை மண்ணின் மாற்றமாகப் படிக்க நேரும்.

அளவு இறங்குவது மட்டும் சான்று அல்ல. ஆவியானதும் வடிந்துபோனதும்கூட இறக்கமாகவே தெரியும். இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி, டீசலில் உள்ள இரண்டு ஹைட்ரோகார்பன்களான ஹெப்டாடெக்கேனுக்கும் பிரிஸ்டேனுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் ஆவியாகின்றன; ஆனால் நேர்ச் சங்கிலியான ஹெப்டாடெக்கேனைப் பாக்டீரியாக்கள் முதலில் தின்னும், கிளைகள் கொண்ட பிரிஸ்டேனைப் பிறகுதான் தொடும். விகிதம் இறங்கினால் நுண்ணுயிரிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. மொத்தம் இறங்கி விகிதம் மாறாமல் இருந்தால் உங்கள் டீசல் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

சிகிச்சை தராத முதல் வாளியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதையும் ஒப்பிடலாம்.

12. இறக்கம் நின்றுபோனால்

முதல் இரண்டு மூன்று மாதங்களில் வேகமாக இறங்கிய அளவு பிறகு மெதுவாகும். எளிய சங்கிலிகள் தீர்ந்து, வளைய மூலக்கூறுகளும் களித்துகள்களுக்குள் ஒளிந்தவையும் எஞ்சுவதால் இது இயல்பு. அதே சமயம், சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் நிற்கலாம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஈரம். நின்றுபோன பாத்திகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் உலர்ந்தவையே. பிறகு காற்று: அடியில் கறுப்பும் நாற்றமும் இருந்தால் உமி சேர்த்துப் புரட்டுங்கள். அடுத்து மீந்திருக்கும் தழைச்சத்து, அதன்பின் கார அமில நிலை. இவை நான்கும் சரியாக இருந்தும் இரண்டு சோதனைகளில் மாற்றமே இல்லை என்றால்தான் வெளிக் கலவையைப் பற்றி யோசிக்க வேண்டும், அதையும் மீண்டும் வாளியில் சோதித்த பிறகு. மொத்தக் காலம் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகலாம் என்பதை மேலாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அவசரத்தில் மூன்றாம் மாதம் ஜேசிபி வந்து பாத்தியை அள்ளிப் போவதற்கு அதைச் சொல்லாமல் விடுவதே காரணமாகிறது.

13. முடித்தல்

பாத்தியின் எல்லாக் கட்டங்களும் அனுமதியில் எழுதிய இலக்குக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு முறை வர வேண்டும். சராசரியை மட்டும் காட்டுவது போதாது. ஒரு மூலையில் கிலோவுக்கு 6,000 இருந்தாலும் மற்ற மூலைகள் சேர்ந்து அதை மறைத்துவிடும். இலக்கை எட்டாத கட்டத்தை மட்டும் தனியே பிரித்து இன்னும் சில வாரம் தொடரலாம்.

அத்துடன் முளைப்புச் சோதனையும் செய்யுங்கள். சுத்தமாக்கிய மண்ணிலும் பக்கத்து நல்ல மண்ணிலும் பச்சைப்பயறு அல்லது வெந்தயம் இருபது இருபது விதை ஊன்றி, முளைப்பையும் வேர் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். நல்ல மண்ணில் முளைத்தவை இதில் குட்டையான வேரோடு நின்றால், ஆய்வக எண் சரியாக இருந்தாலும் இடைப்பட்ட சிதைவுப் பொருள்களோ மீந்த உப்போ இருக்கிறது. நீரும் புரட்டலும் தொடர வேண்டும். முளைப்பு நன்றாக இருந்தாலும் இந்த மண்ணைக் காய்கறித் தோட்டத்துக்குக் கொடுக்காதீர்கள். அதே வளாகத்தில் குழியை நிரப்பவோ, நிழல்மரம் வைக்கவோ, வாரியம் அனுமதித்த வேறு பயனுக்கோ போகட்டும்.

வடிநீர்க் குழியில் சேர்ந்த நீரை வேலை நடக்கும்வரை பாத்திக்கே திருப்பித் தெளிக்கலாம். முடிவில் மீந்திருப்பதைச் சோதிக்காமல் சாக்கடையில் விடக் கூடாது, ஏனென்றால் அதில் எண்ணெயோடு நைட்ரேட்டும் இருக்கும். விரிப்பு, அதன்மேல் இட்ட மணல், எண்ணெய் பட்ட கையுறை, ஊறிய நார்க்கழிவு ஆகியவற்றை எண்ணெய்க் கழிவாகவே எடைபோட்டு, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைத்து, அதற்கான ரசீதையும் சோதனை அறிக்கைகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வாரியத்துக்கு அனுப்புங்கள்.